துச்சிலில் ஒரு கட்டில்

திருக்குறளின் நிலையாமை அதிகாரத்தை நிறைவுசெய்யும் 340ஆம் குறள், உடலில் உயிர் தங்கியிருக்கும் இடத்தைத் ‘துச்சில்’ என்கிறது. பிறர் வீட்டில் ஒதுங்கிக் குடியிருக்கும் இடம் துச்சில், புகுந்தபின் நீங்க வேண்டாத நிலையான வீடு ‘புக்கில்’. வடசென்னை எம்.கே.பி. நகரில், அதாவது மகாகவி பாரதி நகரில், வாடகைக்குக் குடியிருந்து வீடு மாறும் குடும்பங்களுக்குத் துச்சில் அன்றாட அனுபவமாகும். அத்தகையோர் எவ்வகை மரச்சாமான்களை வைத்திருப்பது தகும் என்னும் வினா, தச்சரைக் கடந்து, பற்று என்றால் என்ன என்னும் வினாவரை செல்கிறது.

இதனைக் கூர்ந்து ஆராய்ந்த சமணம், பொருளைத் தனதாகப் பற்றிக்கொள்ளாமையை ‘அபரிக்கிரகம்’ என்று பெயரிட்டு ஐந்து நோன்புகளுள் ஒன்றாக்கியது. உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரம் என்னும் சமண நூல், உடைமையைப் பொருளின் அளவைக் கொண்டு வரையறுக்காமல், அப்பொருள்மீது மனம் கொள்ளும் மயக்கத்தைக் கொண்டு வரையறுத்தது. புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் குகைத்தளத்துப் பாறையில் 17 கற்படுக்கைகள், தலைமாடு தலையணைபோல் மேடிட்டிருக்க, வெட்டப்பட்டுள்ளன. அவற்றில் துயின்ற சமணத் துறவியர் புறப்பட்டபோது படுக்கையைச் சுமக்கவுமில்லை, பாழாக்கவுமில்லை. அடுத்து வருபவருக்கு அது அங்கேயே இருந்தது.

குறைவாக வைத்திருப்பதே பற்றின்மை என்று கொண்டால், மலிவான அலமாரியை வாங்கி, வீடு மாறும் நாளில் தெருவோரம் விட்டுச் செல்பவரும் பற்றற்றவராகிவிடுவார். மரத்துகளைப் பசையிட்டு அழுத்திச் செய்த அதன் பலகை, ஒருமுறை கழற்றிய திருகாணியை மறுமுறை இறுகப் பிடிப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னை வீடுகளில் புகுந்ததைப் போன்ற வெள்ளத்தில் ஊறினால் உப்பி உதிர்ந்து, கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குப் போக வேண்டியதாகிறது. எறிதல் வேறு, விடுதல் வேறு; எறிந்தவர் அடுத்த வீட்டிலும் அதையே வாங்க, மரம் மீண்டும் வெட்டப்படுவதால், அபரிக்கிரகத்தை ஐந்து நோன்புகளுள் மற்றொன்றான கொல்லாமையிலிருந்து பிரிக்க இயலாது.

இதற்கு மாறாக, மடக்கிச் சுவரில் சாய்த்துவைக்கும் இரும்புக் கட்டிலில் நாடா தொய்ந்தால், சட்டத்தை வைத்துக்கொண்டு நாடாவை மட்டும் மாற்றலாம். காலையில் சுருட்டிய கோரைப்பாய், படுக்கையறையைப் பிள்ளைகள் படிக்கும் அறையாக்கித் தருகிறது. மடங்கவும், பிரித்துப் பூட்டவும், பழுதுபார்க்கவும், பிறர் கைக்கு மாறவும் இயலும் பொருளே துச்சிலில் வாழ்பவருக்குத் தகுந்தது. அத்தகைய பொருளைப் பேணுவதைப் பற்று என்று அஞ்ச வேண்டியதில்லை. அடுத்தவருக்குப் பயன்படும் நிலையில் அதை விட்டுச் செல்வதே இல்லறத்தாரின் துறவு.