கேளாத கேள்வி

சீடன்: சுவாமி, தம்பதிகளிடையே எழும் பொறாமை பிரேமையின் அடையாளமே என்றும், பிரியமில்லாத நெஞ்சில் சந்தேகம் முளைக்காது என்றும் பலர் வாதிக்கிறார்களே, அது சரிதானா?

குரு: அப்பா, வள்ளுவர் தம் நூலின் முடிவில் ஊடலைப் பற்றியே மூன்று அதிகாரங்கள் அமைத்தார். காதலன் தும்மினால்கூட, வேறொருத்தி நினைத்ததால்தான் தும்மினான் என்று அழும் தலைவி அங்கே இருக்கிறாள்; அவளுக்கும் பொறாமை உண்டு; ஆனால் அவள் அவன் முகத்துக்கு நேரே கேட்டு, மறுமொழிக்குக் காத்திருப்பதால் அது கூடலில் முடிகிறது. சிலப்பதிகாரத்துக் கோவலனுடைய பொறாமையோ வேறு. புகார்க் கடற்கரையில் அவன் யாழிசைத்துப் பாட, அதில் வேறொருத்தியின் நினைவு இருப்பதாக எண்ணிய அவன் காதலி மாதவி, தானும் பிறிதொருவனை நினைப்பவள்போல ஊடலாகப் பாடினாள். அவனோ அதை மெய்யென்று கொண்டு, ஒரு வார்த்தையும் கேளாமல் எழுந்து போனான். மனைவி கண்ணகியைப் பிரிந்து வந்தவனாகையால், தான் ஒருத்திக்கு இழைத்ததை மற்றொருத்தி தனக்கு இழைப்பாள் என்று நம்புவது அவனுக்கு எளிதாயிற்று.

சீடன்: மாதவியும் கேட்கவில்லையே!

குரு: உண்மைதான், ஆயினும் அன்று மாலையே அவள் தோழி வசந்தமாலையிடம் ஓலை கொடுத்தனுப்பினாள், அவன்தான் அதை வாங்க மறுத்தான்.

சீடன்: துரோகத்தின் தீமை மறைப்பதில்தானே இருக்கிறது? கோவலன் எதையும் மறைக்கவில்லையே?

குரு: மாதவியோடு ஊரறிய வாழ்ந்தான், அதனால் கண்ணகியின் துக்கம் குறைந்ததா? அவளுடைய ஜீவிதத்தைப் பற்றி அவளைக் கேளாமலே அவன் தீர்மானித்தான். மாதவியின் உள்ளத்தைப் பற்றியும் அவளைக் கேளாமலே தீர்மானித்தான். அவனுடைய துரோகமும் பொறாமையும் ஒரே அபராதத்தின் இரண்டு வடிவங்களாகவே எனக்குத் தோன்றுகின்றன.

சீடன்: பின்பு கண்ணகியோடு மதுரைக்குப் போகும் வழியில், கௌசிகன் என்னும் அந்தணன் கொணர்ந்த மாதவியின் ஓலையைக் கண்டு, குற்றம் தன்னுடையதே என்று உணர்ந்தானே, அது போதாதா?

குரு: உணர்ந்தான், ஆனால் அந்த ஓலையைத் தன் பெற்றோரிடம் காட்டும்படி திருப்பிக் கொடுத்தானேயொழிய, மாதவிக்கென்று ஒரு சொல் அனுப்பியதாக இளங்கோவடிகள் கூறவில்லை. மதுரையில் அவன் கொலையுண்ட செய்திதான் அவளை எட்டியது. கண்ணகிக்கோ பேசும் வாய்ப்பாவது கிடைத்தது: ஆயர்பாடியில், ஆய்ச்சி மாதரி அளித்த மனையில், அவன் தன் பிழைகளைச் சொல்லி வருந்தியபோது, அவனது ஒழுக்கம் போற்றத்தக்கதன்று என்பதை அவள் அவனிடமே சொன்னாள். அத்தனை காலத் தாம்பத்தியத்தில் அவள் அவனிடம் மனம் திறந்து பேசியதாக நாம் காண்பது அந்த ஒரு முறைதான். அது முடிந்ததும் அவன் அவளுடைய சிலம்பை விற்க எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் புறப்பட்டுவிட்டான்.