வீட்டுக்குள்ளே ஒரு பாலம்



புனித சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 16ஆம் அதிகாரத்தை, வெறும் பெயர்ப்பட்டியல் என்று எண்ணி நம்மில் பலர் விரைந்து கடந்துவிடுகிறோம். அதன் முதல் இரண்டு வசனங்களில் பெபேயா என்ற பெண்மணியைக் காண்கிறோம். அவர் கொரிந்து நகரின் துறைமுகமாகிய கெங்கிரேயாவைச் சேர்ந்தவர். அங்குள்ள சபையின் தொண்டர். அத்திருமுகத்தை உரோமைக்குக் கொண்டுசென்றவர் அவரே என்பது வேத அறிஞர் பலரின் கருத்து. தூரத்தில் இருந்தவர்களுக்கு எழுத்தினால் போதித்தார் அப்போஸ்தலர்; அந்த எழுத்தைச் சுமந்து சென்றார் ஒரு துறைமுகத்துப் பெண்.

நம் திருகோணமலையும் துறைமுகந்தான். தூரத்திலிருந்து வரும் எழுத்தைச் சுமக்கும் பெண்கள் இங்கும் இருக்கிறார்கள். 1980இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் தலைமையகம் கொழும்பை அடுத்த நாவலவில் உள்ளது. நமக்கு ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரம். நம் நகரிலும் அதன் கற்கை நிலையம் உண்டு. தொழிலையும் குடும்பத்தையும் விடமுடியாதவர்கள் வீட்டிலிருந்தே படித்து, ஒப்படை எழுதி, பரீட்சைக்குத் தோற்றலாம். தாதியியல், சட்டம், ஆசிரியர் கல்வி என்று பல துறைகளில் அங்கே கற்கிறார்கள்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படிப் படிக்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். கணவன் கடலால் வருமுன், விடிய நாலு மணிக்கு எழும்பிப் புத்தகத்தை விரிக்கிறாள். இரண்டு பக்கம் முடியுமுன் தேநீருக்குத் தண்ணீர் வைக்கவேண்டும். பிறகு பிள்ளைகள், பாடசாலை, வேலை, மறுபடியும் குசினி. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வீட்டில் இருந்த ஒரே கைத்தொலைபேசி பிள்ளைகளின் வகுப்புக்குப் போனது. தாயின் பாடம் நள்ளிரவுக்குத் தள்ளிப்போனது. 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்டபோது அந்த நள்ளிரவும் இருண்டது. இத்தனைக்கும் மேலே, "இந்த வயதில படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்று வீட்டிலேயே ஒரு குரல்! எத்தனையோ பெண்களின் புத்தகங்களை மூடவைத்தது பாடத்தின் கடினமல்ல, இந்தக் குரலே.

2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அப்பக்கத்து மக்கள் படகுப்பாதையில் ஏறித்தான் இக்கரைக்கு வந்தார்கள். பாலம் வந்தது, தூரம் குறைந்தது. நாவலவுக்கும் நமக்கும் உள்ள தூரத்தையும் தபாலும் இணையமும் குறைத்துவிட்டன. ஆனால் குசினிக்கும் படிக்கும் மேசைக்கும் இடையே உள்ள பத்தடித் தூரம் மட்டும் இன்னும் குறையவில்லை. அதற்குப் பாலம் கட்டவேண்டியவர்கள் யார்? அரசாங்கமா? பல்கலைக்கழகமா? இல்லை, நாமே.

பெபேயாவைப் பற்றிச் சின்னப்பர் உரோமையரிடம் கேட்டது என்ன? அவரை அன்போடு வரவேற்று, அவருக்கு எது தேவையோ அதில் உதவுங்கள் என்பதே. அவர் வெறும் புகழ்ச்சியோடு நிறுத்தவில்லை, உதவி கேட்டார்.

கணவன்மாரே, ஒப்படை கொடுக்கவேண்டிய கிழமையில் இரவுச் சமையலை நீங்கள் ஏற்றுக்கொண்டால் உங்கள் மதிப்புக் குறைந்துவிடாது. பிள்ளைகளே, அம்மா படிக்கும் ஒரு மணித்தியாலம் தொலைக்காட்சியை நிறுத்துங்கள். மாமிமாரே, உங்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு மருமகளுக்குக் கிடைத்ததே என்று மகிழுங்கள். பங்கு மக்களே, நம் மண்டபத்தின் ஒரு மூலையில் ஒரு மேசையும் நல்ல வெளிச்சமும் வைத்தால் எத்தனை பேருக்கு உதவும்!

படிக்கும் சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பரீட்சைத் திகதியை எல்லாரும் பார்க்கும் நாட்காட்டியில் எழுதிவையுங்கள், ஒளித்துப் படிக்காதீர்கள். அயலில் படிக்கும் இன்னொருத்தியைத் துணையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓர் ஒப்படை தவறினால் வெட்கப்பட்டு முழுவதையும் கைவிடாமல் அடுத்ததை எழுதுங்கள். உதவி கேட்பது பலவீனமல்ல. பெபேயாவுக்காக ஓர் அப்போஸ்தலரே கேட்டாரல்லவா?

இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்தபின், உங்கள் வீட்டில் படிக்கும் அல்லது படிக்க ஆசைப்படும் பெண்ணைப் பார்த்து, "உனக்கு என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். அந்தப் பாலத்தின் முதற் கல் அதுவே. ஆமென்.