யார் வீட்டு பாத்ரூம்?

வீடு கட்டுகிறவர்கள் பூஜை அறைக்கு ஜோசியரைக் கேட்கிறார்கள். சமையலறைக்கு மனைவியைக் கேட்கிறார்கள். பாத்ரூமுக்கு மட்டும் டைல்ஸ் கடைக்காரரைக் கேட்கிறார்கள். அவர் ஒரு கேட்லாக்கை நீட்டுகிறார். அதில் ஐந்து நட்சத்திர ஓட்டல் மாதிரி ஒரு படம். ‘இதையே போட்டுடுங்க!’ முடிந்தது விஷயம்.

அந்தப் படத்தை அப்படியே காரங்காட்டுக்குக் கொண்டுபோங்கள். ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டி பக்கம், பாக் நீரிணையை ஒட்டிய மீனவர் கிராமம். அங்கே அலையாத்திக் காட்டைப் படகில் சுற்றிக் காட்ட வனத்துறை ஏற்பாடு செய்திருப்பதால் வெளியூர்க்காரர்களுக்கும் தெரிந்த ஊர். இந்தக் கரையில் உப்புக் காற்று பளபளக்கும் குழாயைச் சும்மா விடாது. உவர் தண்ணீர் கறுப்பு டைல்ஸில் வெள்ளை வெள்ளையாகக் கோலம் போடும். நல்ல தண்ணீரைக் குடத்தில் எண்ணுகிற வீட்டில் பாத் டப் வைத்தால், துணி ஊறவைக்கத்தான் உதவும். கடலுக்குப் போய் வருகிறவருக்கு வேண்டியது, வீட்டுக்குள் நுழையுமுன் உடம்பு உப்பையும் கால் சேற்றையும் கழுவ ஓர் இடம். கேட்லாக்கில் அந்தப் பக்கமே கிடையாது.

சரி, நல்ல வடிவமைப்பு என்றால் வாடிக்கையாளர் கேட்டதைச் செய்து தருவது என்று முடித்துவிடலாமா? முடியாது. யார் வாடிக்கையாளர் என்பதில்தானே சிக்கலே!

காமர்ஸ் வகுப்பில் முதலில் சொல்லித்தருவது இது: ஒரு பற்று எழுதினால் எங்கேயோ ஒரு வரவு இருந்தே தீரும். பாத்ரூமுக்கும் அதே கணக்குதான். சிங்கப்பூரில் இருக்கும் மகன் பணம் அனுப்புகிறான். கண்ணாடி மாதிரி தரை வேண்டும் என்கிறான். வருஷத்தில் 15 நாள் அவன் குளிப்பான். மீதி 350 நாளும் அதில் கால் வைப்பது அம்மா. ரசனை அவனுடையது. வழுக்கினால் உடைகிற இடுப்பு அம்மாவுடையது.

‘அப்படியானால் ஜனங்களுக்கு எது நல்லது என்று நாமே முடிவு பண்ணுவோம்’ என்று கிளம்புகிறவர்களும் உண்டு. அது இன்னும் ஆபத்து. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரையில் வரிசை வரிசையாக ஒரே அச்சில் வீடுகள் எழுந்தன. கக்கூஸை வீட்டோடு ஒட்டிக் கட்டியது பல குடும்பங்களுக்குப் பிடிக்கவில்லை. விளைவு, அது சாமான் போடும் அறையாயிற்று. கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான். கேட்காமல் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

கேட்டுக் கட்டினால் என்ன ஆகும்? முசிறிக்குப் போவோம். காவிரிக் கரை. நிலத்தடி நீர் மேலேயே நிற்கிற பூமி. குழி தோண்டினால் கழிவு நேரே கிணற்றுத் தண்ணீரில் கலக்கும். ‘ஸ்கோப்’ என்ற தொண்டு நிறுவனம் 2000-களில் அங்கே தரைக்கு மேலே மேடை கட்டி, கழிவை உலர்த்தி உரமாக்கும் கழிப்பறைகளைக் கொண்டுவந்தது. ஆனால், கழிவை உலர்த்தவேண்டும் என்றால் தண்ணீர் கலக்கக் கூடாது. நம் ஆட்களோ தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் எழ மாட்டார்கள். ‘பழக்கத்தை மாத்துங்க’ என்று பிரசங்கம் செய்யவில்லை. சிறுநீருக்குத் தனி வழி, கழுவும் தண்ணீருக்குத் தனி வழி என்று கோப்பையை மாற்றினார்கள். நிலம் சொன்னதையும் கேட்டார்கள், ஜனங்கள் சொன்னதையும் கேட்டார்கள். அதன் நிறுவனர் சுப்புராமனுக்கு 2021-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

‘என் வீடு, என் காசு, நீ யார் கேட்க?’ நியாயமான கேள்விதான். ரோஸ் கலர் டைல்ஸ், தங்கக் கலர் குழாய், கூரையில் நட்சத்திரம் என்று எது வேண்டுமானாலும் கேட்கட்டும். வடிவமைப்பவர் பல்லைக் கடித்துக்கொண்டு போடவேண்டியதுதான். அவருடைய ரசனை உசத்தி என்று யார் சொன்னது?

ஆனால், பற்று அடுத்தவர் பேரில் விழும் இடத்தில் அவர் வாயைத் திறந்தே ஆகவேண்டும். பாட்டி பிடித்துக்கொண்டு எழ ஒரு கைப்பிடி. வயசுக்கு வந்த பெண்ணுக்கு உள்ளே நன்றாகப் பூட்டிக்கொள்ளும் தாழ்ப்பாள். பக்கத்து வீட்டுக் கிணற்றையும் அலையாத்தி ஓடையையும் கெடுக்காத தொட்டி. அப்புறம், அந்தத் தொட்டி நிரம்பினால் யார் வருவார்? கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் வைப்பதை 1993-லேயே சட்டம் போட்டுத் தடுத்தோம். 2013-ல் வந்த சட்டம், பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டாங்க்கில் ஆளை இறக்குவதையும் குற்றம் என்றது. அதன் பிறகும் உள்ளே இறங்கி மூச்சு முட்டிச் செத்தார்கள். லாரிக் குழாய் எட்டாத மூலையில் தொட்டியைக் கட்டுகிறவர், பின்னால் ஒரு மனிதனை இறக்குவதற்கு இன்றைக்கே ஏற்பாடு செய்கிறார்.

பில்லில் பேர் இல்லாத இவர்களும் அந்த பாத்ரூமுக்கு விலை கொடுக்கிறவர்கள்தான். எனவே, டைல்ஸ் கடைக்குப் போகுமுன் ஒரு பேப்பரை எடுங்கள். யார் குளிப்பார்கள், யார் கழுவுவார்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிவு எங்கே போகிறது, தொட்டியை யார் திறப்பார்கள் என்று எழுதுங்கள். கலரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.