சின்னப்பன் கணக்குச் சொன்னானா?

மதிப்பெண்ணுக்காக அன்றி வேறெந்தக் காரணத்துக்காகவும் நாவல் என்னும் வஸ்துவைக் கையால் தொடுவதில்லை என்ற வைராக்கியத்தோடு என் தமிழ் வகுப்பின் கடைசிப் பலகையில் அமர்ந்திருந்த வணிகவியல் மாணவன் ஒருவன், தன் குறிப்பேட்டில் எழுதிவைத்த ஒற்றை வரி என்னை நிம்மதியாக இருக்க விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. "வருஷா வருஷம் சின்னப்பன் கணக்குச் சொல்லியிருந்தால் அந்தம்மா எதற்குப் பங்கு கேட்கப்போகுது?" என்பதே அந்த வரி.

நாவல், ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்'. 1942-இல் வெளிவந்தது, கொங்கு நாட்டுக் குடியானவர் வாழ்வையும் பேச்சையும் நாவலுக்குள் கொண்டுவந்த முன்னோடி என்று விமர்சகர்கள் போற்றுவது, திருச்செங்கோட்டுப் பக்கத்தவரான பெருமாள்முருகன் தமது முனைவர் பட்ட ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டதும் இந்த ஆசிரியரின் படைப்புகளைத்தான். ஒவ்வோர் அத்தியாயம் வாசித்ததும் மனத்தில் பட்டதை எழுதிவர வேண்டும் என்பது வகுப்பில் நான் செய்திருந்த ஏற்பாடு. அவனுடைய முதல் குறிப்பு: "ஒன்றும் நடக்கவில்லை." அடுத்தது: "இன்னும் ஒன்றும் நடக்கவில்லை." அதற்கடுத்தது சற்றே விஸ்தாரம்: "இது எங்கள் ஊர்ப் பேச்சு. வீட்டிலேயே கேட்கிறேன். இதைப் புத்தகத்தில் வேறு படிக்க வேண்டுமா?" நியாயமான ஆட்சேபம்தான். பிறகுதான் அந்தக் கணக்கு வரி வந்தது.

கணவனை இழந்து ஒரு பெண் குழந்தையோடு கொழுந்தன் சின்னப்பன் குடும்பத்தில் கூட்டாக வாழும் நாகம்மாள், ஊர்ப் போக்கிரியான கெட்டியப்பனோடு ஏற்பட்ட பழக்கத்தாலும் அவன் கொடுத்த தைரியத்தாலும் நிலத்தில் பங்கு கேட்கிறாள். விவகாரம் முற்றிக் கொலையில் முடிகிறது. (வாசிக்காதவர்கள் பொறுத்தருள வேண்டும்; முடிவைச் சொல்லாமல் இந்த விஷயத்தை எழுத வழியில்லை.) துர்ச்சேர்க்கையால் நல்ல குடும்பம் ஒன்று சிதைந்த சோகம் என்றே இதை வகுப்பில் விளக்குவது வழக்கம். கடையில் கிடைக்கும் உரைநூல்களும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்லும். சின்னப்பன் நல்லவன், உழைப்பாளி. நல்லவனிடம் கணக்குக் கேட்கத் தோன்றுமா? அந்தப் பையனுக்குத் தோன்றிவிட்டது. அவன் தகப்பனார் ரிக் வண்டியில் பங்குதாரர். வண்டி மத்தியப் பிரதேசத்தில் எங்கோ போர் போட்டுக்கொண்டிருக்கும், கூட்டாளிகளோ திருச்செங்கோட்டில் ஒருவரையொருவர் பார்த்துக் கணக்கு முடிப்பார்கள். அண்ணன் தம்பியானாலும் கணக்கு உண்டு என்பதை அவன் பாலோடு குடித்திருக்க வேண்டும்.

கணக்கு என்றதும் எனக்கு எங்கள் வீட்டுத் திண்ணை ஞாபகத்துக்கு வருகிறது. இராசிபுரத்துக்கு மேற்கே மானாவாரிக் காடும் ஒரு கிணற்றுப் பாசனமும் உள்ள குடும்பம். குச்சிக்கிழங்கு லோடு ஜவ்வரிசி ஆலைக்குப் போய்ப் பணம் வந்ததும், பெரியப்பா நீள நோட்டை விரித்துவைத்துக்கொண்டு வண்டி வாடகை, வெட்டுக்கூலி, உர பாக்கி என்று ஒவ்வொன்றாக உரக்க வாசிப்பார். ஆண்கள் தலையை ஆட்டுவார்கள். இளவயதில் தாலி அறுத்த சின்னம்மா ஒருத்தி நிலைக்கதவுக்கு உட்புறம் புளி தட்டிக்கொண்டிருப்பாள். அவள் காதில் விழுவதற்காகத்தான் பெரியப்பா அவ்வளவு உரக்க வாசித்தாரா, அல்லது அவருக்குக் குரலே அப்படியா, நான் அறியேன். பின்னாளில் அவள் பங்கு கேட்டாள்; பஞ்சாயத்து நடந்தது; பிறந்த வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. அதன் பிறகு வீட்டில் அவளைப் பற்றிப் பேசிய எல்லாப் பேச்சும், "ஒற்றுமையா இருந்த குடும்பத்தை ரெண்டாக்கிட்டுப் போனவ" என்றுதான் ஆரம்பமாகும். அவளுடைய கதையை அந்த முடிவிலிருந்துதான் நாங்கள் வாசித்தோம். கேட்பதற்கு முன் அவள் மனத்தில் என்ன இருந்தது என்று விசாரித்தவர் எவருமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நாவல் வெளிவந்த காலத்தில் சட்டமும் தடுமாறிக்கொண்டிருந்ததுதான். 1937-ஆம் ஆண்டுச் சட்டம், கூட்டுக்குடும்பச் சொத்தில் கணவனுக்கிருந்த பாத்தியதையை ஆயுட்கால அளவிலாவது விதவைக்கு வழங்கிற்று. விவசாய நிலத்துக்கு அது செல்லாது என்று 1941-இல் ஃபெடரல் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நிலத்துக்கும் அதை விஸ்தரித்துச் சென்னை மாகாணம் சட்டம் இயற்றியது 1947-இல். நாவல் வெளியான 1942 இவ்விரண்டுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட வருஷம். உலகமே காடும் தோட்டமுமாக இருந்த ஒரு குடும்பத்தில், கணவனை இழந்தவளுக்கு எஞ்சியது ஜீவனாம்சமும் கொழுந்தனின் தயவுமே. அப்படிப்பட்டவளுக்குக் கணக்குக் கேட்கும் அதிகாரம் எங்கிருந்து வரும்? பையனுக்கு இந்தச் சட்டம் எதுவும் தெரியாது. அவன் இருபத்தோராம் நூற்றாண்டின் ரிக் வண்டிக் கணக்கை அங்கே கொண்டுபோய் வைத்தான், அவ்வளவே. நாவலுக்கு வெளியே நின்று கேட்ட கேள்வி என்று இதைத் தள்ளிவிடலாம். தள்ளவும் முயன்றேன்.

ஆனால் ஒரு விஷயம் குறுக்கே நின்றது. அந்த வரியை எழுதியபோது கொலை வரப்போவது அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், பல தடவை வாசித்தவனுக்கு முதல் அத்தியாயத்திலேயே கெட்டியப்பன் கையில் தடி தெரிகிறது. பழைய தொடர்கதை வாசகர்கள் அந்தப் பையனுடைய நிலையில்தான் இருந்தார்கள். 1950-இல் தொடங்கி 1954 வரை 'பொன்னியின் செல்வன்' வாரா வாரம் வந்தபோது, எங்கள் அத்தை அதைக் கிழித்துத் தைத்து வைத்திருந்தாள். எழுதிய கல்கியோ ஒரு காலத்தில் இங்கே புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியின் 'விமோசனம்' பத்திரிகைக்காக உழைத்தவர் என்பதில் அவளுக்கு அலாதிப் பெருமை. அந்த அத்தியாயங்களுக்கு இடையிலிருந்த ஒரு வாரத்தில் நந்தினி நல்லவளாகவும் கெட்டவளாகவும் மாறி மாறி இருந்திருப்பாள். முடிவு தெரியாதவர்களுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு.

இப்படியெல்லாம் நான் அவனுக்காக ஒரு சித்தாந்தமே கட்டி முடிக்கும் தறுவாயில் கடைசி அத்தியாயத்தின் குறிப்பு வந்தது. "எல்லாவற்றுக்கும் காரணம் நாகம்மாள்தான். பேராசை பெருநஷ்டம்." கணக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கூப்பிட்டு, "ஏப்பா, அந்தக் கணக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். "அது சும்மா எழுதினதுங்க ஐயா. கடைசியில கொலையாயிப் போச்சுங்களே" என்றான். பரீட்சைக்கு அந்தக் கடைசி வரிதான் உதவும் என்று எவரேனும் சொல்லிக்கொடுத்தார்களோ, உரைநூலைப் பார்த்து எழுதினானோ, அல்லது பிணத்தைக் கண்டதும் உண்மையாகவே மனம் மாறிற்றோ! கொலை நடந்துவிட்டால் அதற்கு முன்பிருந்த நியாயம் எதுவும் செல்லாது என்று அவன் நினைத்திருந்தால், அதிலும் ஒரு நேர்மை இருக்கிறது என்பதை நான் மறுப்பதற்கில்லை.

இரண்டு வரிகளில் எது அவனுடைய வாசிப்பு என்று எனக்கு இன்றைக்கும் தீர்மானமாகவில்லை. நாவல் பாடம் நடத்தும் நண்பர்களிடம் ஒன்றே கேட்டுக்கொள்வேன்: முதல் வகுப்பிலேயே கதைச்சுருக்கத்தைச் சொல்லிவிடாதீர்கள். வாசிக்க மனமில்லாத பையன்களுக்கு முக்கியமாகச் சொல்லாதீர்கள்.