பூமிக்கடியில் இருக்கும் அமானிதம்

இங்கிலாந்தில் மெட்டல் டிடெக்டரை எடுத்துக்கொண்டு வயல்களில் பழங்கால நாணயம் தேடுவது பலருக்கு வார இறுதிப் பொழுதுபோக்கு. அங்கே வாழும் நம் சகோதரர் ஒருவர் இதில் இறங்கினால் இப்படிக் கேட்கக்கூடும்: "ரிகாஸில் ஐந்தில் ஒரு பங்கு கடமை என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மீதி நான்கு பங்கு எனக்குத்தானே? அரசுக்கு ஏன் அறிவிக்க வேண்டும்?"

ஃபிக்ஹ் நூல்கள் அடுத்து விசாரிப்பதை இவர் விட்டுவிட்டார். எந்த நிலத்தில் எடுத்தீர்கள்? உரிமையாளர் இல்லாத நிலத்தில் கிடைத்த ஜாஹிலிய்யா காலப் புதையல்தான் எடுத்தவருக்குச் சேரும். பிறர் நிலத்தில் கிடைத்து, நிலத்துக்காரர் உரிமை கோரினால், ஷாஃபிஈ மத்ஹபின்படி அது அவருக்குரியது. இஸ்லாமிய ஆட்சியின் முத்திரை இருந்தால் அது ரிகாஸே அல்ல, லுகதாவின் சட்டம் வந்துவிடும். இங்கிலாந்தில் ஆளில்லாத வயல் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள்!

ஜும்ஆ நாளில் ஓதுகிற சூரத்துல் கஹ்ஃபை நினைத்துப் பாருங்கள். சாப்பாடு கேட்டும் கொடுக்காத ஊர். அங்கே விழப்போகும் சுவரைக் கூலியில்லாமல் நிமிர்த்துகிறார்கள் ஹிழ்ர் (அலை). அடியில் இரு யத்தீம் சிறுவர்களின் புதையல். அது இருக்கும் இடம் தெரிந்திருந்தும், பிள்ளைகள் பருவமடையும் வரை மறைந்தே இருக்கட்டும் என்று உழைத்தார்கள். கையில் கருவி வைத்திருப்பவர் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும்.

"அந்தப் பிள்ளைகள் கண்முன் இருந்தார்கள். ஆயிரம் வருடத்துக்கு முன் புதைத்தவனுக்கு யார் வாரிசு?" என்பீர்கள். வாரிசு இல்லைதான். ஆனால் அந்தப் பொருளில் அறிவு இருக்கிறதே, அது யாருடைய ஹக்?

ஸ்வீடனின் கோட்லாந்து தீவில், ஸ்பில்லிங்ஸ் பண்ணையில், 1999-ல் 67 கிலோ வெள்ளி கிடைத்தது. 14,000-க்கும் மேற்பட்ட நாணயங்கள், பெரும்பாலும் அரபு திர்ஹம்கள். (திருட்டுத்தனமாகத் தோண்டுவதைப் பற்றித் தொலைக்காட்சிக்குப் படம் எடுக்கப் போன நாளில்தான் அது வெளிப்பட்டது!) அதில் ஒரு திர்ஹமில் "மூஸா அல்லாஹ்வின் தூதர்" என்று அரபியில் பொறித்திருந்தது. 837-38-ல் கஸார் நாட்டில் அச்சிட்டது. அந்நாட்டவர் யூத மதத்தை ஏற்றதற்குச் சான்றாக ஆய்வாளர்கள் அதைக் காட்டுகிறார்கள். உருக்கி விற்றிருந்தால் சில கிராம் வெள்ளி, அவ்வளவுதான்.

2015-ல் இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயரில் இருவர் வைக்கிங் காலப் புதையலை எடுத்து மறைத்து விற்றார்கள். சுமார் 300 நாணயங்களில் 30 அளவுக்கே மீண்டன. 2019-ல் சிறை. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாட்களுக்குள் கரோனர் அதிகாரிக்கு அறிவித்திருந்தால் சன்மானத்தில் பங்கு கிடைத்திருக்கும். ஒரு நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டு வாழ்வதாக ஒப்புக்கொண்டவர் அதை மறைப்பது, உடன்படிக்கையை முறிப்பதுதான்.

ஆகவே முதலில் நிலத்துக்காரரிடம் அனுமதியும் பங்கும் எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். கிடைத்ததை அறிவியுங்கள். உங்கள் பங்கு கைக்கு வந்தபின், அதில் ஐந்தில் ஒன்றைப் பற்றி உங்கள் ஊர் ஆலிமிடம் போய்க் கேளுங்கள்.