தூரத்து உத்தியோகமும் ஸுபுஹுத் தொழுகையும்

 

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய திருத்தூதர் முஹம்மது முஸ்தபா (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக! ஆமீன்.

எளியேன் ஓர் ஆலிமல்லன். மதரஸாவில் ஓதியதும் ஆரம்பப் பள்ளியில் படித்ததும் போக, மற்றதெல்லாம் கல்லாப்பெட்டியின் முன் உட்கார்ந்து கற்றதுதான். ஆகவே மார்க்கச் சட்டம் சொல்ல நான் முன்வரவில்லை. ஒரு வாலிபர் என்னிடம் கேட்ட கேள்வியையும், அதற்கு விடை தேடும்போது என் நெஞ்சில் தைத்தவற்றையும் உங்கள் முன் வைக்கிறேன். பிழையிருப்பின் பெரியோர் திருத்துவார்களாக.

ஈப்போவின் ஓரத்தில், முன்பு ரப்பர்த் தோட்டமாயிருந்து இன்று வீட்டு மனைகளாகிவிட்ட இடத்தில் என் கடை இருக்கிறது. ஒரு நாள் அஸருக்குப் பின் நம் ஜமாஅத்தைச் சேர்ந்த தம்பி ஒருவர் வந்தார். தகப்பனார் மவுத்தாகிவிட்டார், தாயாரும் மனைவியும் ஒரு கைக்குழந்தையும் வீட்டில் இருக்கிறார்கள். "மாமு, கோலாலம்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. மாதம் 4,500 வெள்ளி. இங்கே வீட்டுக்குப் பக்கத்தில் பார்க்கும் வேலைக்கு 2,300 வெள்ளிதான். உம்மாவை விட்டு அங்கே குடியேற முடியாது. தினமும் ரயிலில் போய் வரலாமென்று பார்க்கிறேன். போகலாமா, கூடாதா?" என்று கேட்டார்.

இக்கேள்வி அவர் ஒருவருடையதன்று. நம் பேராக் மாநிலத்திலே அநேக வீடுகளில் இதே பேச்சுத்தான். ஒரு காலத்தில் தோட்டத்து ஜனங்களுக்கு வேலை வாசலிலேயே இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு நின்று பேர் கொடுத்தால், லயத்திலிருந்து பால்மரத்துக்கு நடக்கும் தூரந்தான் பிரயாணம். பின்னர் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல விற்கப்பட்டன, லயங்களும் போயின. 1985-ம் ஆண்டு உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் கிந்தாப் பள்ளத்தாக்கின் லம்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. அன்றிலிருந்து நம் பிள்ளைகள் வேலையைத் தேடி வெளியே போகிறார்கள். 1994-ல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. 2010-ல் ஈப்போவுக்கும் தலைநகருக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் தூரம் இரண்டரை மணி நேரப் பிரயாணமாகச் சுருங்கிவிட்டபடியால், முன்பு நினைத்தும் பாராத காரியத்தை இன்று நினைக்க முடிகிறது.

தூரம் நமக்குப் புதிதன்று. நம் பாட்டன்மார் நாகப்பட்டினத்தில் ரஜூலாக் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்கள். சபர் போனவர் ஊர் திரும்ப மூன்று வருஷமும் ஆகும், ஐந்து வருஷமும் ஆகும். தகப்பனின் முகத்தைப் போட்டோவிலும், அவர் மனத்தைக் கடிதத்திலும் மட்டுமே கண்டு வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தச் சபராளிகளின் வியர்வையால்தான் ஊரிலே குமர்கள் கரையேறின. பள்ளிவாசல்களுக்கு மினாராக்கள் எழுந்தன. எனவே தூரம் போவதே தவறென்று நம்மில் எவரும் சொல்லத் துணியார்.

மார்க்கமும் அப்படிச் சொல்லவில்லை. குறைஷிகளின் மாரிகால, கோடைகாலப் பிரயாணங்களை அல்லாஹு தஆலா தன் திருமறையிலே அவர்களுக்குத் தான் செய்த அருளாக எடுத்துச் சொல்கிறான். ஆனால் அந்தச் சின்னஞ்சிறு ஸூரா பிரயாணத்தோடு முடிந்துவிடுகிறதா? இல்லையே! பசிக்கு உணவும், பயத்திலிருந்து அபயமும் அளித்த இந்த ஆலயத்தின் இறைவனை வணங்குவார்களாக என்றல்லவா அது முடிகிறது! ஜுமுஆ ஸூராவிலும் இதே வரிசைதான். தொழுகை முடிந்த பிறகு பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடும்படி ஏவப்படுகிறோம். முதலில் தொழுகை, பிறகு தேட்டம். இவ்வரிசையை மாற்றாத பிரயாணம் எவ்வளவு நீண்டாலும் அது பரக்கத்தான பிரயாணம். மாற்றிவிடும் பிரயாணமோ, பக்கத்துத் தெருவுக்கே ஆனாலும் நஷ்டந்தான்.

இனி அந்தத் தம்பியின் விஷயத்துக்கு வருகிறேன். நான் கடைக்காரன், கணக்குப் புத்தகத்தை எடுத்தேன். "தம்பி, விற்பனையைப் பார்த்து மகிழ்கிறவன் வியாபாரியல்லன், செலவு போக நிற்பதைப் பார்க்கிறவனே வியாபாரி. வாரும், எழுதுவோம்" என்றேன்.

இரண்டு சம்பளத்துக்கும் வித்தியாசம் 2,200 வெள்ளி. அவர் விசாரித்து வைத்திருந்தபடி, போக வர ரயிலுக்கும், தலைநகருக்குள் சென்று வரவும், நிலையத்தில் வண்டி நிறுத்தவுமாக நாளொன்றுக்கு 75 வெள்ளி ஆகும். மாதத்தில் 22 நாள் வேலை என்றால் 1,650 வெள்ளி. வீட்டுச் சோறு போய் வெளிச்சாப்பாடு வருவதால் நாளுக்குப் பத்து வெள்ளி அதிகம். அது 220 வெள்ளி. ஆக 1,870 வெள்ளி போய், மிஞ்சுவது 330 வெள்ளி.

அடுத்து நேரத்தை எழுதினோம். வீட்டை விட்டு வேலையிடம் சேர மூன்று மணி, திரும்ப மூன்று மணி. நாளொன்றுக்கு ஆறு மணி நேரம். 22 நாளைக்கு 132 மணி. அதாவது மாதத்தில் ஐந்தரை நாள், இரவும் பகலும் சேர்த்து, வழியிலேயே கழிகிறது. 330 வெள்ளியை 132 மணியால் வகுத்தால் மணிக்கு இரண்டரை வெள்ளி! "உம்முடைய ஹயாத்தின் ஒரு மணி நேரத்தை இந்த விலைக்கு வேறெவனாவது கேட்டால் கொடுப்பீரா?" என்றேன். தம்பி பேசவில்லை.

மேலும் பாருங்கள். வேலை ஒன்பது மணி, வழி ஆறு மணி, தூக்கம் ஆறு மணி. எஞ்சுவது மூன்றே மணி. அந்த மூன்று மணிக்குள்தான் குளிக்க வேண்டும், உண்ண வேண்டும். தாயின் காலடியில் உட்கார வேண்டும். மனைவியின் குறை கேட்க வேண்டும். பிள்ளைக்கு அலிஃப் சொல்லிக் கொடுக்க வேண்டும். ஸல்மான் ஃபார்ஸீ (ரலி) அவர்கள், இரவெல்லாம் தொழுது பகலெல்லாம் நோன்பிருந்த தம் சகோதரர் அபூதர்தா (ரலி) அவர்களுக்கு என்ன புத்தி சொன்னார்கள்? இறைவனுக்கும் உம்மீது ஹக்கு உண்டு, உம் உடலுக்கும் உண்டு, உம் குடும்பத்துக்கும் உண்டு. ஒவ்வொருவருக்கும் உரியதைக் கொடுத்துவிடும் என்றல்லவா! நாயகம் (ஸல்) அவர்களும் ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள். இபாதத்துக்கே இந்த அளவென்றால், சம்பளத்துக்கு என்ன அளவு?

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. இருபத்தைந்து வயதில் நானும் தூரத்து ஊர் ஒன்றிலே ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதினேன். மோட்டார் சைக்கிளில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. இருட்டில் போய் இருட்டில் திரும்புவேன். எங்கள் அடுத்த வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். சிறுவயதில் என் ஜன்னலைத் தட்டி ஸுபுஹுக்கு எழுப்பிப் பள்ளிக்கு அழைத்துப் போனவர். அவர் மவுத்தான செய்தி மூன்று நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. நான் களைத்துத் தூங்குகிறேனே என்று வீட்டாரும் எழுப்பவில்லை. சுவருக்கு அந்தப்பக்கம் இருந்தவருடைய ஜனாஸாவை நான் சுமக்கவில்லை. அம்மாதம் வாங்கிய சம்பளம் எவ்வளவென்று இப்போது எனக்கு நினைவில்லை. தவறிய அந்த ஜனாஸா மட்டும் மறக்கவில்லை.

அப்படியானால் தூரத்து வேலையே கூடாதா? அவ்விதம் எண்ணிவிடாதீர்கள். மதீனாவிலே பனூ ஸலிமா கூட்டத்தார் பள்ளிவாசலுக்குத் தொலைவில் குடியிருந்தார்கள். பக்கத்தில் குடிவர அவர்கள் விரும்பியபோது, நாயகம் (ஸல்) அவர்கள், உங்கள் இடத்திலேயே இருங்கள், உங்கள் அடிச்சுவடுகள் பதிவு செய்யப்படுகின்றன என்ற கருத்தில் அவர்களைத் தேற்றினார்கள். நல்ல நோக்கத்தோடு நடந்த தூரம் வீணாகாது என்பதற்கு இதைவிட ஆறுதல் வேறு வேண்டுமா? உள்ளூரில் வேலையே இல்லாதவன், கடன்பட்டவன், வைத்தியச் செலவில் சிக்கியவன், மானத்தோடு குடும்பத்தைக் காக்க விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிறானே, அவனுடைய அடிச்சுவடுகளையும் அல்லாஹ் அறிவான். என் கடைவாசலில் அந்த பஸ்ஸுக்காக நிற்கும் முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் நான் அவர்களுக்காக துஆச் செய்கிறேன்.

ஆகவே தம்பிக்கு மூன்று யோசனை சொன்னேன். முதலாவது, இது தேவையா, ஆசையா என்று உம் நெஞ்சையே கேளும். தேவையென்றால், அந்தக் கடன் தீரும் காலத்தைக் குறித்துக்கொண்டு போம். பிரயாணம் வேதனையின் ஒரு பங்கு என்றும், காரியம் முடிந்ததும் விரைந்து வீடு திரும்ப வேண்டுமென்றும் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்கு அறிவித்திருக்கிறார்கள். திரும்பும் நாளைக் குறிக்காமல் போகிறவன் வழியிலேயே குடியிருக்கப் பழகிவிடுவான்.

இரண்டாவது, தினமும் போய்த்தான் ஆக வேண்டுமா என்று முதலாளியைக் கேளும். உமர் (ரலி) அவர்கள் மதீனாவின் மேட்டுப்புறத்தில் குடியிருந்தபோது என்ன செய்தார்கள் தெரியுமா? தாமும் பக்கத்து வீட்டு அன்ஸாரியும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒரு நாள் இவர் நாயகத்தின் சமூகத்துக்கு இறங்கிச் செல்வார். மறுநாள் அவர் செல்வார். சென்றவர் அன்றையச் செய்தியைக் கொண்டுவந்து மற்றவருக்குச் சொல்வார். இவ்விதம் கல்வியும் தவறவில்லை, வீடும் தவறவில்லை. வாரத்தில் சில நாளாவது வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதிக்கிற கம்பெனிகள் இன்று உண்டு. கேட்பதில் குறைவென்ன?

மூன்றாவது, தாயாரிடமும் மனைவியிடமும் இந்தக் கணக்கைக் காட்டும்; மஷ்வரா செய்யும்; பிறகு இரண்டு ரக்அத் தொழுது இஸ்திகாரா செய்யும். சுமக்கப் போவது நீர் ஒருவரல்லர். முடிவும் உம் ஒருவருடையதாயிருக்கக் கூடாது.

தொழுகை விஷயத்தில் ஒரு சொல். இவ்வளவு தூரப் பிரயாணத்தில் ஷாஃபிஈ மத்ஹபினர் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கவும், லுஹரையும் அஸரையும், மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழவும் சலுகை உண்டு. ஹனஃபி மத்ஹபில் சுருக்க உண்டு. அவ்விதம் சேர்க்க ஹஜ்ஜின்போதன்றி இல்லை. தினப் பிரயாணிக்குரிய நிபந்தனைகளையும், ஜுமுஆவின் சட்டத்தையும் உங்கள் ஆலிம்களிடமே கேட்டுத் தெளியுங்கள்.

கடைசியாக, என்னைப்போன்ற கடைக்காரர்களுக்கும் முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஊரில் தங்குவதில்லை" என்று பள்ளிவாசல் ஹவுளில் உட்கார்ந்து குறைபடுகிறோம். தங்கத்தக்க கூலியை நாம் கொடுத்தோமா? வெள்ளிக்கிழமை ஜுமுஆவுக்குக் கடையைச் சாத்தி வேலையாளை அனுப்பினோமா? தூரம் போனவனுடைய உம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்தோமா? அவன் போனது பேராசையால் என்று சொல்லுமுன், நம்முடைய கைச்சிக்கனத்தால் இருக்குமோ என்றும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். அன்றிரவு நான் என் கடைப் பையன்களின் சம்பள ஏட்டைத் திறந்து பார்த்தேன். என்ன கண்டேன் என்பதை இங்கே எழுத வெட்கப்படுகிறேன்; மறுமாதம் திருத்தினேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு நாள் கழித்துத் தம்பி மறுபடி வந்தார். கணக்கைத் தாயாரிடம் காட்டியிருக்கிறார். அந்த அம்மா வெள்ளிக் கணக்கையும் பார்க்கவில்லை, மணிக் கணக்கையும் பார்க்கவில்லையாம். "எத்தனை மணிக்குப் புறப்படுவே?" என்று மட்டும் கேட்டார்களாம். ஐந்து மணிக்கெல்லாம் ரயிலில் இருக்க வேண்டும் என்றாராம் தம்பி. "அப்ப ஸுபுஹை எங்கே வாப்பா தொழுவே?" என்றார்களாம்.

சகோதரர்களே! நம் ஊரில் ஸுபுஹு வக்து வருவதே ஆறு மணியையொட்டித்தான். ஐந்து மணிக்கு ரயிலேறுகிறவனுக்கு அவ்வக்து வழியில் வந்து வழியிலேயே போகக்கூடியது. மற்ற வக்துகளுக்குள்ள சலுகைகள் ஸுபுஹுக்கு இல்லை. அதைச் சுருக்கவும் முடியாது, வேறொன்றோடு சேர்க்கவும் முடியாது. எழுத்தறியாத அந்தத் தாய், நான் இரண்டு பக்கம் எழுதியும் தொடாத இடத்தை ஒரே கேள்வியில் தொட்டுவிட்டார்கள்.

தம்பி இன்னும் முடிவு செய்யவில்லை. ஒளுச்செய்து கொண்டு ஏறி, ரயிலிலேயே வக்தோடு தொழ வழியுண்டா என்று விசாரிக்கிறார். சற்றுப் பிந்திய ரயிலில் வந்து பிந்தி வேலை தொடங்கலாமா என்று கம்பெனிக்கும் எழுதிக் கேட்டிருக்கிறார். பதில் எப்படி வந்தாலும், அவர் கேள்வியைச் சரியான இடத்திலிருந்து தொடங்கிவிட்டார் என்பதே எனக்குத் திருப்தி.

யா அல்லாஹ்! தூரத்தில் உழைப்போரின் வழியைப் பாதுகாப்பாக ஆக்குவாயாக! அவர்கள் விட்டுச் செல்லும் வீடுகளுக்கு நீயே காவலனாவாயாக! அருகிலேயே ஹலாலான ரிஜ்கைத் தேடுவோருக்கு அதில் பரக்கத்தைச் சொரிவாயாக! வேலை கொடுப்போரின் கைகளை விசாலமாக்குவாயாக! எங்கள் ஸுபுஹை எங்களுக்குத் தவறவிடாதிருப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாம்.