நிலவில் கிப்லா

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள எங்கள் பாலமுனையில் தொழுகைக்கு நின்றால் கடல் முதுகுக்குப் பின்னால் இருக்கும். கிப்லா, அதாவது மக்காவிலுள்ள கஃபாவின் திசை, மேற்கிலிருந்து வடக்காக 24 பாகையளவு சாய்வு. பிறந்ததிலிருந்து உடம்புக்குப் பழகிப்போன திசை அது.

இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பிறகு கணினியில் ஓர்பிட்டரைத் திறக்கிறேன். லண்டன் யூனிவர்சிட்டி கொலிஜில் இருந்த மார்ட்டின் ஷ்வைகர் 2000இல் வெளியிட்ட விண்பறப்பு மென்பொருள், இலவசம். சர்வதேச விண்வெளி நிலையத்தோடு கலத்தை இணைக்க, மூக்கை இணைப்பு வாய்க்கு நேராக்கி, நொடிக்குச் சில சென்ரிமீற்றராக நெருங்க வேண்டும். அங்கேயும் திசைதான் முதல் வேலை.

நிலையமோ 92 நிமிடத்தில் பூமியைச் சுற்றிவிடுகிறது. தொழுது முடிப்பதற்குள் கிப்லா நகர்ந்துவிடும். 2007 ஒக்டோபரில், நோன்பின் கடைசி நாட்களில், மலேசியாவின் ஷேக் முஸஃபர் ஷுகோர் அங்கு போனார். அதற்கென அந்நாட்டு உலமாக்கள் ஒரு வழிகாட்டி தந்தார்கள். முடிந்தால் கஃபாவை நோக்கலாம். இல்லையேல் அதற்கு நேர்மேலான வெளியை. அதுவும் இயலாவிட்டால் பூமியை. எதுவுமே இயலாவிட்டால் இயன்ற திசையை. இவ்வளவு இரக்கமான ஒரு விண்வெளிக் கையேட்டை நான் வேறெங்கும் வாசித்ததில்லை.

நிலவு வேறு. அது ஒரே முகத்தைத்தான் பூமிக்குக் காட்டுகிறது. அந்த முகத்தில் நிற்பவருக்குப் பூமி உதிப்பதுமில்லை, மறைவதுமில்லை. சில பாகை ஆடியபடி வானில் ஒரே பக்கத்தில் நிற்கும். அங்கே பூமியை நோக்கி, கிப்லாவைக் காட்டும் மிஹ்ராப் கட்டலாம்.

ஓர்பிட்டரில் தளம் கட்டுவது ஓர் எழுத்துக் கோப்பில்தான். அகலக்கோடு, நெடுங்கோடு, பிறகு ஒவ்வொரு கட்டடத்துக்கும் இடம், அளவு, திருப்பம் என்று வரிவரியாக. நிலவு முகத்தின் நடுவில் கட்டினால் பூமி உச்சந்தலைக்கு மேலே போய்விடும். அதனால் தெற்கே போனேன்: 2023 ஓகஸ்ட் 23இல் இந்தியாவின் சந்திரயான்-3 இறங்கிய இடம், 69 பாகை தெற்கு, 32 பாகை கிழக்கு. கணக்குப் போட்டால் பூமி அங்கே அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 17 பாகை உயரத்தில் வருகிறது. தக்பீர் கட்டி நிற்பவர் முகத்தைச் சற்று உயர்த்தினால் போதும். தொழும் அறையின் திருப்பத்தை வடக்கிலிருந்து மேற்காக 34 பாகை என்று எழுதினேன்.

இனி நேரம். அங்கே ஓர் உதயத்திலிருந்து அடுத்த உதயத்துக்கு இருபத்தொன்பதரை நாள். சூரியனை வைத்து ஐந்து வேளையைப் பிரிக்க முடியாது. புறப்பட்ட ஊரின் நேரத்தைக் கொள்ளச் சொல்கிறது மலேசிய வழிகாட்டி. ஆனால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனவரும் புளோரிடாவிலிருந்து போனவரும் ஒரே தொழுகை வரிசையில், ஒரே ஸப்பில் நின்றால் யாருடைய மஃரிப்? தளத்துக்குப் பொதுவாக ஒரு நேரம் வேண்டும். மக்கா நேரமே சரியென்று எனக்குப் படுகிறது.